வீணாவது எது? தொழிற்சாலையில் விரயத்தைக் கண்டு குறைக்கும் முறை

அகமதாபாத் நகரின் காலிக்கோ ஆலையில், 1950-களின் தொடக்கத்தில், ஒரு தறிக்கூடத்தில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. அவை மொத்தம் 224. தறிகள் புதியவை. அவற்றை இயக்கியவர்களோ நெசவில் பழகியவர்கள். ஆயினும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. நெய்த துணியின் அளவும் கூடவில்லை. துணியில் விழும் பழுதும் குறையவில்லை. லண்டனிலுள்ள டாவிஸ்டாக் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் 1953-ல் அக்கூடத்தை ஆராய்ந்தபோது, குறை தறியில் இல்லை, வேலையைப் பங்கிட்டிருந்த விதத்தில் இருக்கிறது என்பது புலப்பட்டது.

அங்கு வேலை 12 வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அறுந்த இழையை முடிபவர் ஒருவர். தறியில் தார் நிரப்புபவர் மற்றொருவர். எண்ணெய் இடுபவர், பழுது பார்ப்பவர், துணியை எடுத்துச் செல்பவர் எல்லாரும் வேறு வேறு ஆட்கள். ஒவ்வொரு வகையினருக்கும் ஒப்படைக்கப்பட்ட தறிகளின் எண்ணிக்கையும் வேறு வேறாக இருந்தது. ஆகவே ஒரு நெசவாளி இக்கணம் ஒரு தார்க்காரருடனும், அடுத்த வரிசைக்குப் போனதும் வேறொருவருடனும் சேர்ந்து வேலை செய்ய நேர்ந்தது. தறி நின்றால் அது ஏன் நின்றது, யார் வரவேண்டும் என்பதிலேயே நேரம் கழிந்தது. அத்தனை தறிகளில் ஒன்றையேனும் "இது என் பொறுப்பு" என்று சொல்லக்கூடியவர் அக்கூடத்தில் எவருமில்லை.

தறிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு சிறு குழுவிடம் முழுவதுமாக ஒப்படைப்பது என்ற யோசனை கூறப்பட்டது. தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அதை உடனே ஏற்று, தங்கள் குழுக்களைத் தாங்களே அமைத்துக் கொண்டனர். முதற் குழுவில் ஏழு பேருக்கு 64 தறிகள். சில வாரங்களில் தறிகளின் வேலைத்திறன் நூற்றுக்கு 80 என்ற அளவிலிருந்து 90-க்கு மேல் ஏறியது. பழுதான துணியும் கணிசமாகக் குறைந்தது. இதற்காகப் புதிய யந்திரம் ஒன்றும் வாங்கப்படவில்லை.

தொழிற்சாலைகளில் விரயத்தைக் குறைக்கும் வேலைக்குச் செல்லும் களப் பணியாளர்களும், தொழிற்பயிற்சி நிலையங்களில் அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இந்த நிகழ்ச்சியை முதலில் அறிந்திருப்பது நலம். ஏனெனில் விரயம் என்றதும் பெரும்பாலோர் கண் கழிவுத் தொட்டியை நோக்கியே செல்கிறது. கழிவுத் தொட்டியில் கிடப்பது வெளிப்படையான நஷ்டம். அதை எடைபோட்டு விற்கக்கூட முடியும். எடைபோட முடியாத விரயமே பெரிது.

ஜப்பானில் டொயோட்டா மோட்டார் ஆலையின் உற்பத்தி முறையை வகுத்த தாய்ச்சி ஓனோ, இந்த விரயத்தை ஏழு வகையாகப் பிரித்தார். ஜப்பானிய மொழியில் இதற்கு 'முடா' என்று பெயர். தேவைக்கு மேல் செய்து குவித்தல், ஆளோ பொருளோ காத்துக் கிடத்தல், பொருளை வீணே இடம் மாற்றுதல், வேண்டாத வேலையைப் பொருளின்மீது செய்தல், மிகுந்த கையிருப்பு, வேலை செய்பவர் வீணே குனிந்து நிமிர்ந்து நடத்தல், பிழையான பொருளைச் செய்தல் என்பன அவை. இவற்றுள் முதலாவதையே அவர் மிகக் கொடியதாகக் கருதினார். தேவைக்கு மேல் செய்வது எப்படி விரயமாகும் என்று பட்டறைக்காரர் கேட்பது இயல்பு. செய்த சரக்கு இன்றில்லாவிட்டால் நாளை விற்காதா என்பது அவர் எண்ணம். இதற்கு விடை கூற ஒரு கணக்கு உதவும்.

கதவுக் கீல் செய்யும் சிறு பட்டறை ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். தகட்டைப் பட்டையாக வெட்டி, பிரஸ்ஸில் அச்சுப்படி வெட்டியெடுத்து, திருகாணிக்குத் துளையிட்டு, விளிம்பைச் சுருட்டி, ஊசி கோத்து, மெருகிட்டு, பெட்டியில் அடைக்கிறார்கள். ஒரு கீலின்மீது கையும் யந்திரமும் உண்மையாகப் படும் நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம். நாளொன்றுக்கு 400 கீல் வெளியே செல்கிறது. பட்டறைக்குள் கூடையிலும் தரையிலும் அரைகுறையாகக் கிடக்கும் கீல்களை எண்ணினால் 6,000. நாளுக்கு 400 வெளியேறும் இடத்தில் 6,000 உள்ளே கிடந்தால், இன்று உள்ளே நுழையும் தகடு கீலாக வெளியேற 15 நாள் ஆகும். 8 மணி நேர வேலைநாள் 15 என்றால் 7,200 நிமிடம். அந்த 7,200 நிமிடத்தில் ஒன்றரை நிமிடமே வேலை. எஞ்சிய நேரமெல்லாம் காத்திருப்பு.

தகடு வாங்கிய பணம் அந்தப் பதினைந்து நாளும் முடங்கிக் கிடக்கிறது. கூடைகளை நகர்த்தவும் தேடவும் ஓர் ஆள் தேவைப்படுகிறார். இவை ஒருபுறமிருக்க, இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தால், அது ஊசி கோக்கும் இடத்திலோ மெருகிடும் இடத்திலோதான் தெரியவரும். அதற்குள் பல்லாயிரம் துண்டுகளில் அதே பிழை விழுந்திருக்கும். கூடை நிறையக் கிடக்கும் சரக்கு பிழையை மூடி மறைக்கும் போர்வையாகிவிடுகிறது.

இதே உண்மையை வகுப்பறையில் காகிதத்தைக் கொண்டே மெய்ப்பிக்கலாம். நான்கு மாணவர்களை வரிசையாக அமர்த்தி, ஒருவர் காகிதத்தை மடிக்க, இரண்டாமவர் மீண்டும் மடிக்க, மூன்றாமவர் எண்ணிட, நான்காமவர் முத்திரையிட வேண்டும் என்று வைக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் 10 விநாடி. காகிதங்கள் 20. முதல் முறை, ஒருவர் இருபதையும் முடித்த பிறகே அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அப்போது முதற் காகிதம் முடிந்து வெளிவருவது 610-ஆவது விநாடியில். கடைசிக் காகிதம் 800-ஆவது விநாடியில். இரண்டாம் முறை, ஒன்று முடிந்ததும் ஒன்றாக உடனே அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். முதற் காகிதம் 40 விநாடியில் வந்துவிடும். இருபதாவது 230 விநாடியில் வந்துவிடும். மாணவர் எவரும் முன்னைவிட விரைந்து கையசைக்கவில்லை என்பதை ஆசிரியர் வற்புறுத்திக் காட்ட வேண்டும். முதல் மாணவரைக் காதோடு காதாக அழைத்துத் தவறாக மடிக்கச் சொல்லிவிட்டால் பாடம் இன்னும் நன்றாகப் பதியும்: முதல் முறையில் இருபது காகிதமும் பாழான பிறகே தவறு தெரியும், இரண்டாம் முறையில் ஒன்றிரண்டோடு நின்றுவிடும்.

அப்படியானால் கீல் பட்டறையில் ஏன் ஆயிரக்கணக்கில் குவிக்கிறார்கள்? அறியாமையால் அன்று. பட்டறையில் இருப்பது ஒரே பிரஸ். வெட்டும் டையைக் கழற்றித் துளையிடும் டையை மாட்ட இரண்டு மணி நேரம் ஆகிறது. அத்தனை பாடுபட்டு மாட்டிய டையை 400 துண்டு அடித்ததும் கழற்ற யாருக்கு மனம் வரும்? நிமிடத்துக்குப் பத்தாக 6,000 துண்டு அடித்தால், மாட்டிய 120 நிமிடச் செலவு ஒரு துண்டுக்கு 1.2 விநாடியாகக் குறைகிறது. பட்டறைக்காரரின் கணக்கு சரியே. ஆகவே குவிக்காதே என்று அவருக்கு உபதேசம் செய்வது பயன்தராது. டை மாற்றும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அந்த 120 நிமிடம் 12 நிமிடமாகுமானால், 600 துண்டு அடித்தாலே துண்டுக்கு அதே 1.2 விநாடிதான் விழும். தரையிலுள்ள குவியலும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்க வழி பிறக்கும்.

டை மாற்றும் நேரத்தை ஆராய்ந்து ஒரு கலையாகவே வளர்த்தவர் ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியியலாளர். 1950-ல் ஹிரோஷிமாவில் டோயோ கோக்யோ மோட்டார் ஆலையில் பெரிய பிரஸ்களை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். டை மாட்டும் தருணத்தில் ஒரு போல்ட்டைக் காணவில்லை. தொழிலாளி எங்கும் தேடிவிட்டு, வேறொரு யந்திரத்துக்குரிய நீளமான போல்ட் ஒன்றை எடுத்து, வெட்டிக் குறுக்கி, மரை போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவு நேரமும் பிரஸ் சும்மா நின்றது. அந்த ஆளின் சாமர்த்தியத்தை மெச்சலாம். ஆனால் பிரஸ் நின்ற நேரம் நின்றதுதான். இதிலிருந்து ஷிங்கோ ஒரு பாகுபாட்டைக் கண்டார். யந்திரம் நின்றிருக்கும்போதே செய்யக்கூடிய வேலை உள்வேலை; யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைக்கக்கூடிய வேலை வெளிவேலை. போல்ட்டைத் தேடுவது, ஸ்பானர் எடுத்துவருவது, அடுத்த டையைக் கிடங்கிலிருந்து கொண்டுவருவது, துடைத்து எண்ணெயிடுவது ஆகியவை யாவும் வெளிவேலை. அவற்றை முன்னதாகவே முடித்து வைப்பது ஒன்றினாலேயே பெரும் நேரம் மீந்துவிடும்.

அடுத்தபடியாக, உள்வேலையையே வெளிவேலையாக மாற்ற முயல வேண்டும். டைகளின் உயரம் வெவ்வேறாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் பிரஸ்ஸின் இறக்கத்தைச் சரிசெய்ய நேர்கிறது. குட்டையான டைகளின் அடியில் கட்டை வைத்து எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கிவிட்டால் அந்த வேலையே இல்லாமற் போகும். டை நிற்கவேண்டிய இடத்தில் நிலையான தடுப்பு வைத்தால், அளந்து பார்த்துத் தட்டித் தட்டி நகர்த்த வேண்டுவதில்லை. பதினைந்து மரை உள்ள போல்ட்டில் இறுக்குவது கடைசிச் சுற்று ஒன்றே. மற்றவை வெறும் சுழற்றல். ஆகவே ஒரே சுற்றில் பிடிக்கும் பிடிப்பான்களைப் பயன்படுத்தலாம். டொயோட்டா ஆலையில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற நான்கு மணி நேரம் பிடித்தது. 1969-ல் இம்முறைப்படி முதலில் ஒன்றரை மணிக்குக் குறைத்து, பின்னர் 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிறு பட்டறைகளில் 3 நிமிடத்தை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மணி அரை மணியானாலே பட்டறையின் நடைமுறை மாறிவிடும்.

மூலப்பொருளில் ஏற்படும் சேதாரத்தைக் குறைக்கப் பெரும்பாலும் ஒரு பென்சிலும் தாளும் போதும். 20 மி.மீ. விட்டமும் நடுவில் 10 மி.மீ. துளையும் உள்ள வாஷரை, 22 மி.மீ. அகலப் பட்டையில், 21 மி.மீ.க்கு ஒன்றாக அடிப்பதாகக் கொள்ளலாம். ஒரு வாஷருக்குச் செலவாகும் தகடு 462 சதுர மி.மீ.; வாஷரில் இருப்பது 236 சதுர மி.மீ. மட்டும். ஆக, வாங்கிய தகட்டில் பாதிதான் பண்டமாகிறது. இதையே இரண்டு வரிசையாக, ஒரு வரிசையின் இடைவெளியில் மற்ற வரிசையின் வட்டம் அமையும்படி மாற்றி அடித்தால், 40.2 மி.மீ. அகலப் பட்டை போதும். ஒரு வாஷருக்கு விழும் தகடு 422 சதுர மி.மீ. ஆகக் குறையும். முன்பு 1,000 வாஷர் தந்த தகடு இப்போது 1,090-க்கு மேல் தரும். இரட்டைப் பஞ்சு இல்லாத பட்டறையில் பட்டையைத் திருப்பி இருமுறை செலுத்தலாம். துளையிலிருந்து விழும் 10 மி.மீ. வட்டத்தைச் சிறிய வாஷருக்குப் பயன்படுத்த முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். தேன்கூட்டில் அறைகள் அமைந்திருக்கும் வரிசையும் இதுவேயாதலால், வடிவகணித வகுப்பில் இது மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

பிழையால் வரும் கழிவு வேறு வகையானது. அதற்குக் காரணம் தேடும்போது ஆளைக் குறைகூறுவது எங்கும் காணப்படும் பழக்கம். பெல் தொலைபேசி ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த வால்டர் ஷூஹார்ட் 1924-ல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம் இப்பழக்கத்துக்கு நல்ல மருந்து. ஒரே யந்திரம், ஒரே ஆள், ஒரே பொருள் என்றாலும் அளவுகள் சிறிது முன்பின்னாகவே வரும். அந்த இயல்பான அசைவின் எல்லைகளை வரைபடத்தில் கோடிட்டு வைத்தால், எல்லைக்குள் விழும் புள்ளிக்கெல்லாம் யந்திரத்தைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவ்வாறு திருகுவதே அசைவைப் பெருக்கிவிடும். எல்லையைத் தாண்டிய புள்ளிக்குத்தான் விசேஷ காரணம் தேட வேண்டும். ஷூஹார்ட் 1947-48-ல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் மகலனாபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிலையத்தின் ஆதரவில், இங்குள்ள தொழில்துறையினருக்கு இம்முறையை விளக்கினார்.

அதே நிலையத்தில் 1954-55-ல் வருகைப் பேராசிரியராக இருந்த கெனிச்சி டகுச்சி என்ற ஜப்பானியர், அதற்குச் சற்று முன்பு, 1953-ல், தம் நாட்டில் இனா ஓட்டுத் தொழிற்சாலையில் நடந்த ஒரு பரிசோதனையில் பங்குகொண்டிருந்தார். அங்கு சூளையில் வெப்பம் ஒரே சீராகப் பரவாததால், அடுக்கின் வெளிப்புறத்திலிருந்த ஓடுகளின் அளவு மாறுபட்டுக் கழிவு மிகுந்தது. சூளையை இடித்துக் கட்டுவதென்றால் பெருஞ்செலவு. அதை விடுத்து, களிமண் கலவையின் பல அம்சங்களை ஒழுங்குமுறையாக மாற்றிச் சோதித்தார்கள். கலவையில் சுண்ணாம்புக்கல்லை நூற்றுக்கு 1 என்ற அளவிலிருந்து 5 ஆக உயர்த்தியபோது, அதே சூளையில், அதே சீரற்ற வெப்பத்தில், ஓடுகள் ஒரே அளவாக வெந்தன. சுண்ணாம்புக்கல்லோ அக்கலவையில் மலிவான சரக்கு.

இதுவரை கூறியவை எல்லாம் கணக்கும் பொறியியலும் சம்பந்தப்பட்டவை. களப் பணியாளர் உண்மையில் இடறி விழும் இடம் வேறு. கீல் பட்டறையில் கூடை நகர்த்தும் ஆள், குவியல் குறைந்தால் தமக்கு வேலை இராது என்பதை எந்த நிபுணருக்கும் முன்பே அறிவார். அதனால் அவர் வாய் திறக்கமாட்டார். திறக்கும்படி எதிர்பார்ப்பதும் நியாயமன்று. நம் நாட்டில் இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. ஆலைகளில் ஒருவர் கவனிக்கும் தறிகளைக் கூட்டி ஆட்களைக் குறைக்கும் திட்டங்களை எதிர்த்து, 1955 மே மாதம் கான்பூரில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது ஏறத்தாழ 80 நாள் நீடித்தது. 'சீரமைப்பு' என்ற நல்ல சொல் தொழிலாளர் காதில் 'ஆட்குறைப்பு' என்றே ஒலித்தது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, 1957 ஜூலையில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் மூன்று நிபந்தனைகள் ஏற்கப்பட்டன. சீரமைப்பின் காரணமாக வேலையில் இருப்பவர் எவரும் நீக்கப்படலாகாது, அவருடைய வருமானமும் குறையலாகாது. கிடைக்கும் ஆதாயம் முதலாளி, தொழிலாளி, சமுதாயம் ஆகிய மூவருக்கும் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும். வேலைப்பளுவை இருதரப்பும் ஏற்கும் நிபுணர்கள் சரிவர மதிப்பிட வேண்டும். அடுத்த ஆண்டு, 1958 பிப்ரவரி 12-ஆம் நாள், அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரின் பிரதிநிதிகளையும் கொண்டு தேசிய உற்பத்தித் திறன் கவுன்சில் அமைக்கப்பட்டது. முத்தரப்பு என்பது அலங்காரமன்று. அந்த மூன்றாம் தரப்பு இல்லாமல் வேலை நடவாது என்று கண்டறிந்ததன் விளைவு.

ஆகவே பட்டறைக்குள் நுழையும் களப் பணியாளர், கடிகாரத்தை வெளியே எடுப்பதற்கு முன்பு, உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேட்டு விடைபெற வேண்டும்: மிச்சப்படும் நேரத்தையும் ஆளையும் என்ன செய்வதாக உத்தேசம்? புதிய ஆர்டர் எடுப்பது, வெளியே கொடுத்துச் செய்யும் வேலையைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது, மிகைநேர வேலையைக் குறைப்பது, ஆளை வேறு பணிக்குப் பயிற்றுவிப்பது என்று ஏதேனும் ஒன்று தீர்மானமாகியிருக்க வேண்டும். இத்தீர்மானத்தை உரிமையாளரே தொழிலாளர் முன்னிலையில் சொல்லுவது உத்தமம். விற்பனை பெருகாத பட்டறையில் உற்பத்தித் திறன் மட்டும் பெருகினால் ஆள் மிஞ்சுவது திண்ணம். அதை மறைத்துப் பேசுகிறவரை இரண்டாம் முறை எவரும் நம்பமாட்டார்கள்.

இதன்பின் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு, அது நுழையும் வாசலிலிருந்து வெளியேறும் வாசல் வரை கூடவே நடந்து பார்க்க வேண்டும். பதிவு செய்ய, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1947-ல் வகுத்த ஐந்து குறிகள் போதும். வேலைக்கு வட்டம், இடமாற்றத்துக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், காத்திருப்புக்கு ஆங்கில 'டி' எழுத்து, கிடங்கு இருப்புக்குத் தலைகீழ் முக்கோணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே தூரத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். தாளில் வட்டங்கள் எத்தனை அரிதாக இருக்கின்றன என்பதைக் கண்டு பட்டறைக்காரரே வியப்பார். பிறகு ஒவ்வொரு வரியையும் சுட்டி, இதை நீக்க முடியுமா, வேறொன்றோடு சேர்க்க முடியுமா, முன்பின்னாக மாற்ற முடியுமா, எளிதாக்க முடியுமா என்று அந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். எளிதாக்குவதை முதலில் எடுத்துக்கொண்டு, நீக்கியிருக்கக்கூடிய வேலையையே அழகாகச் செய்யக் கற்றுக்கொடுத்து வருபவர்கள் உண்டு.

கேள்விகளை, அந்த வேலையைச் செய்பவரிடமே கேட்க வேண்டும். அவர் சொல்லும் யோசனைகளுள் மிகச் சிறியதும் செலவற்றதுமான ஒன்றை, இயன்றால் அன்றைக்கே, நிறைவேற்றிக் காட்ட வேண்டும். ஸ்பானருக்கு ஓர் ஆணி, கூடைக்கு ஒரு பீடம், விளக்கு ஒன்றின் இடமாற்றம் போன்றவையே தொடக்கத்துக்குப் போதும். முதல் யோசனை மூன்று மாதம் கோப்பில் கிடந்தால் இரண்டாவது யோசனை வராது. ஜப்பானியர் 'கைசென்' என்று சொல்லும் தொடர் முன்னேற்றம் இத்தகைய சிறு திருத்தங்கள் நாள்தோறும் சேர்ந்து வருவதே. ஒவ்வொரு திருத்தமும் நிலைத்ததும், புதிய முறையை ஒரு தாளில் எழுதி, வேலையிடத்திலேயே ஒட்டிவைக்க வேண்டும். எழுதி வைக்காத முறை, ஷிப்டு மாறும்போது தானும் மாறிவிடும்.

சிறு தொழில்களுக்கு இதற்கென மத்திய அரசின் உதவியும் உண்டு. 'லீன்' எனப்படும் இம்முறைகளைப் பரப்பும் திட்டம் 2009-ல் முன்னோடியாகத் தொடங்கப்பட்டு, 2023 மார்ச்சில் அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்ற மூன்று படிகளுடன் புதுப்பிக்கப்பட்டது. இதன்படி நிபுணர் ஆலோசனைச் செலவில் நூற்றுக்கு 90 பங்கை மத்திய அரசு ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. பதிவு செய்துகொள்ள பட்டறைக்காரருக்கு உதவுவதும் களப் பணியாளரின் கடமைகளுள் ஒன்று.

அகமதாபாத் தறிக்கூடத்தின் கதை 1953-ஓடு முடியவில்லை. ரைஸின் சக ஆராய்ச்சியாளரான எரிக் மில்லர், 1970-ல் அவ்வாலைக்குச் சென்று, குழுமுறை புகுத்தப்பட்ட கூடங்களை மீண்டும் ஆராய்ந்தார். அவற்றில் ஒன்றில், பதினாறு பதினேழு ஆண்டு கழிந்தபின்னும், குழுக்களும் வேலைத்திறனும் பெரிதும் மாறாமல் நிலைத்திருந்தன. மற்றவற்றில் குழுமுறை பல அளவில் தேய்ந்து, சிலவற்றில் பழைய ஏற்பாடே திரும்பிவிட்டிருந்தது. ஆலை ஒன்றே, தொடங்கிய முறையும் ஒன்றே. ஆனால் இடையில் சந்தையின் தேவைகள் மாறின. நெய்யும் துணி வகைகள் மாறின. அந்நெருக்கடி எல்லாக் கூடங்களையும் ஒரே விதமாகத் தாக்கவில்லை. நெருக்கடி வந்தபோது மேற்பார்வையாளர்கள் குழுவின் பொறுப்பை மெல்லத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்ட இடங்களில், குழு பெயரளவில் மட்டும் எஞ்சியது. ஒரு பட்டறையில் திருத்தம் செய்து முடித்த களப் பணியாளர், ஆறு மாதம் கழித்து ஒருமுறையும், மேற்பார்வையாளர் மாறியபின் மற்றொரு முறையும், அதே தாளையும் அதே ஐந்து குறிகளையும் எடுத்துக்கொண்டு அங்கு திரும்பிச் செல்வதற்குத் தம் நாட்குறிப்பில் இப்போதே நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.